பழைய பைனாகுலரில் ரப்பர் கழன்றால்: பசைக்கு முன்னும் பின்னும்

கைமாறி வரும் பைனாகுலர்களில் கண்ணாடியும் உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசமும் நன்றாக இருந்து ரப்பர் மட்டும் கழன்றிருப்பது மிகச் சாதாரணம். முன்பக்க ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினால் ரப்பர் வளையம் மட்டும் சுற்றும், சக்கரம் அசையாது. கண்ணில் வைத்தால் கண் ரப்பர் கையோடு வந்துவிடும். பார்த்ததும் கை சூப்பர் க்ளூவைத் தேடும். தேட வேண்டாம். இந்த வேலையில் பசை போடுவது கடைசி ஐந்து நிமிடம்தான். ரப்பர் ஏன் கழன்றது என்று பார்ப்பதும், ஒட்டும் இரு பக்கங்களையும் சுத்தம் செய்வதும்தான் மீதி நேரம் முழுவதும். அதைத் தாண்டிக் குதித்தால் ஒரே மாதத்தில் அதே இடம் மறுபடி தூக்கும், இந்த முறை பழைய பசையின் கட்டிகளோடு.

ஏன் கழன்றது

மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் பசை மருந்து.

முதலாவது, ஆலையில் போட்ட பசையோ இரட்டைப் பக்க டேப்போ காலத்தால் காய்ந்து உயிர்விட்டிருக்கும். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் உடலின் மேல் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாக உதிரும். ரப்பர் பழைய அளவிலேயே இருக்கும். இழுக்காமல் அப்படியே திரும்பப் படியவைத்தால் ஓரம் தன் பள்ளத்தில் சரியாகப் போய் உட்காரும். இதுதான் சுலபமான வேலை.

இரண்டாவது, ரப்பர் ஊதியிருக்கும். கை எண்ணெய், வெயில் தடுப்புக் கிரீம், பூச்சி விரட்டி மூன்றுமே ரப்பருக்குள் ஊறி அதைப் பெரிதாக்கும். பூச்சி விரட்டிகளில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் இதில் படுமோசம். சில பிளாஸ்டிக்குகளையே இளக்கிவிடும். ஊதிய ரப்பரை அடையாளம் காண, ஓரத்தைப் படியவைத்துப் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டி 1 மி.மீ. அல்லது 2 மி.மீ. வெளியே நிற்கும். ஓரத்தை உள்ளே தள்ளினால் நடுவில் ஒரு மடிப்பு எழும்பும். துணி பெரிது, ஆள் சிறிது என்ற கதைதான். எந்தப் பசையைப் போட்டாலும் அந்த மிச்ச நீளம் எங்கேயாவது போய் நின்றுதான் ஆக வேண்டும்.

மூன்றாவது, ரப்பரே அழுகியிருக்கும். தொட்டால் பிசுபிசுப்பு, விரல் ரேகை அப்படியே பதியும், தூசி எல்லாம் அப்பிக்கொள்ளும். இது இரண்டு விதம். கெட்டியான பிளாஸ்டிக் மேல் பூசிய மென்மையான பாலியூரிதேன் பூச்சு ஈரத்தால் சிதைந்திருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் பொறுமையாகத் துடைத்து அந்தப் பூச்சையே எடுத்துவிடலாம். கீழே வெறும் பிளாஸ்டிக் நிற்கும், அதோடு பிசுபிசுப்பும் போய்விடும். உறையின் முழுத் தடிமனும் களியாகியிருந்தால் ஒட்டுவதில் பொருளில்லை. உறையை மாற்றித் தரும் தயாரிப்பாளர்கள் உண்டு. முதலில் அந்த வழியைக் கேட்பதே நல்லது.

வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாமே பூஞ்சை இல்லை. ரப்பருக்குள் கலந்த மெழுகோ கந்தகமோ மெல்ல மேலே கசிந்து வருவதும் அப்படித்தான் தெரியும். வெளிப்பக்கம் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ஆனால் உள்பக்கத்திலும் அதே பொடி இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். பசை பிடிக்காமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மூடுவதற்கு முன் ஒரு பார்வை

ரப்பர் உறை வெறும் அலங்காரம் இல்லை. பல பைனாகுலர்களில் அது ஒரு மூடியும்கூட. போரோ வகையில், அதாவது முன்லென்ஸ்கள் கண்லென்ஸ்களுக்கு நேராக இல்லாமல் விலகி நிற்கும் பழைய வடிவத்தில், பிரிசத்தின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகுகள் பெரும்பாலும் உறையின் ஓரத்துக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். ஆகவே உறை திறந்திருக்கும் இந்த நேரத்தில் இரு குழல்களும் ஒரே திசையில் பார்க்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு கூரை விளிம்பு அல்லது மின்கம்பி போல் படுக்கைவசமாக ஓடும் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். பைனாகுலரை ஒரு தாங்கியில் வைத்து, கண்ணை 15 செ.மீ. பின்னால் நகர்த்தி, இரு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் இருந்தால், முதலில் அந்தக் கோளாறு, ரப்பர் அப்புறம்.

இதிலிருந்து பசைக்கு ஒரு விதி கிடைக்கிறது. எதை ஒட்டினாலும் நாளை கிழிக்காமல் பிரிக்க முடிய வேண்டும். ஒருமுறை ஒட்டினால் சாகும்வரை விடாத பசை இங்கே குணம் இல்லை, குறைதான்.

எந்தப் பசை

சூப்பர் க்ளூவை ஒதுக்குவதற்குக் காரணங்கள் தெளிவானவை. காய்ந்தால் கண்ணாடிபோல் விறைக்கும். ரப்பர் வளையும்போது பசை வளையாமல் உடையும். அதைவிட மோசம் அதன் ஆவி. தடயவியலில் கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரேகையின் மேல் வெள்ளையாகப் படியும். உங்கள் லென்ஸ் மேலும் அப்படியேதான் படியும். கெட்டியான ஜெல் வகைக்கு ஒரே ஒரு இடம் கொடுக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

இரு பகுதிகளைக் கலக்கும் எபாக்ஸியும் அதே போல விறைப்பு. கழற்றும்போது ரப்பரின் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். நுரைத்துப் பெருகும் பாலியூரிதேன் பசை உறையையே தூக்கிவிடும். சிலிக்கோன் சீலன்ட்டில், வினிகர் வாசம் வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது உலோக உடலை அரிக்கும். சிலிக்கோனுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஒருமுறை பூசிய இடத்தில் அதன் படலம் தங்கிவிடும், பிறகு வேறு எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. ரப்பரே சிலிக்கோன் ரப்பராக இருந்தால் மட்டும் வினிகர் வாசமில்லாத சிலிக்கோனைப் போடலாம், ஏனென்றால் அதற்கு வேறு எதுவும் ஒட்டாது.

மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று கான்டாக்ட் சிமென்ட், அதாவது இரு பக்கமும் பூசிக் காயவைத்து அழுத்தும் செயற்கை ரப்பர் பசை. வளையும், வெப்பம் கொடுத்தால் இளகும், காய்ந்த கசிவைக் கட்டை விரலால் உருட்டியே எடுத்துவிடலாம். இன்னொன்று மெல்லிய இரட்டைப் பக்க டேப், 0.05 முதல் 0.13 மி.மீ. தடிமன் வரை. நுரை நடுவில் வைத்த தடித்த டேப் கூடாது. உறை உயர்ந்து ஓரம் பள்ளத்தில் உட்காராது. என்னைக் கேட்டால் ஓரங்களுக்கும் வளைவுகளுக்கும் சிமென்ட், தட்டையான பெரிய பரப்புக்கு டேப்.

கான்டாக்ட் சிமென்ட்டுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் கரைப்பான் சில பிளாஸ்டிக் உடல்களில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். பல பைனாகுலர்களின் உடல் பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக். ஆகவே உறைக்கு அடியில் யாரும் பார்க்காத மூலையில் பல்குச்சி முனையளவு தொட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியோ மென்மையாகியோ இருந்தால் டேப்தான் வழி. அசிட்டோனை உடலின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கையும் அது தின்றுவிடும்.

ரப்பர் எந்த இனம் என்று தெரிய, உள்பக்க ஓரத்தில் சூடான ஊசி முனையால் தொட்டுப் பாருங்கள். உருகி நூல் வந்தால் அது வெப்பத்தில் இளகும் வகை; அதன் அருகே ஹேர் டிரையரைக் கவனமாகத்தான் பிடிக்க வேண்டும், பசையும் அதில் சுமாராகத்தான் பிடிக்கும். உருகாமல் கருகினால் உண்மையான ரப்பர், நன்றாக ஒட்டும்.

ஓரம் தூக்கியிருந்தால்

பழைய பசையைச் சுரண்ட உலோகக் கத்தி வேண்டாம். பிளாஸ்டிக் அட்டையை 10 மி.மீ. அகலத்துக்கு வெட்டி முனையைச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டால் நல்ல சுரண்டி கிடைக்கும். காய்ந்த டேப் எச்சத்தின் மேல் சிகரெட் லைட்டர் பெட்ரோலைப் பஞ்சு முனையில் தொட்டுத் தடவி இரண்டு நிமிடம் விட்டால் இளகி உருண்டு வரும். அக்கம்பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இது ரப்பரைச் சற்று ஊதவைக்கும், ஆனால் ஆவியானதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் அன்றே ஒட்டாதீர்கள். ஓர் இரவு திறந்தபடி விடுங்கள். ஊதிய நிலையில் ஒட்டினால் பிறகு சுருங்கி, ஓரம் பின்வாங்கி, இடைவெளி தெரியும்.

மறுநாள் ரப்பரின் உள்பக்கத்தை 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். பொடியைத் துடைத்து, இரு பக்கத்தையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். 70 சதவீதத்திலும் வேலை நடக்கும். அதிலுள்ள தண்ணீர் காய இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் ஒட்டும் பக்கத்தில் விரல் படக் கூடாது.

தூக்கிய ஓரத்துக்கு அடியில் நான்கைந்து பல்குச்சிகளைக் குறுக்கே செருகி அதைத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். உடலின் வெளித்தெரியும் பகுதியில் பெயின்டர் டேப் ஒட்டுங்கள். லென்ஸ் மேல் டேப் ஒட்டாமல் வட்டமாக வெட்டிய காகிதத்தைத் தளர்வாக வைத்தால் போதும்.

சிமென்ட்டை எவ்வளவு போடுவது? ஓரத்திலிருந்து 8 முதல் 10 மி.மீ. அகலப் பட்டைக்கு மட்டும். 42 மி.மீ. முன்லென்ஸ் கொண்ட குழலின் முழுச் சுற்றுக்கே இரு பக்கமும் சேர்த்து அரை மில்லிலிட்டர் கூடத் தேவைப்படாது. பல்குச்சியின் தட்டையான பக்கத்தால் கீழிருக்கும் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்குத் தேயுங்கள். ரப்பர் முதல் பூச்சை உறிஞ்சிவிட்டதுபோல் தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு. பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். சோதனை: விரல் முதுகால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும், பசை விரலில் வரக் கூடாது. பொறுமையில்லாமல் ஈரத்தோடு அழுத்தினால் கரைப்பான் உள்ளே சிக்கும். அரை மணிக்கு மேல் விட்டால் காய்ந்து பிடிக்காது. அப்போது ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும்.

மழை நாள்களில் ஒன்றைக் கவனியுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசைப் பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படியும். கண்ணுக்கு மெல்லிய மூட்டம்போல் தெரியும். அந்த நிலையில் அழுத்தினால் பிடித்ததுபோல் இருந்து பிறகு கழன்றுவிடும். மிதமான சூட்டில் அதை ஓட்டிவிட்டு ஒட்டுங்கள்.

பல்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி, உறை உடலோடு இன்னும் சேர்ந்திருக்கும் இடத்திலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். தொட்ட இடம் தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஆகவே ஓரம் பள்ளத்துக்குள் போகிறதா என்று ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் பாருங்கள். பிறகு பென்சிலை உருளையாக வைத்து உருட்டுங்கள். சைக்கிள் ட்யூபை 15 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி 24 மணி நேரம் விட்டால் போதும். இரும்பு கிளாம்ப், பட்டறை வைஸ் எதுவும் வேண்டாம். ரப்பரைப் பிடிக்கப் போய் பிரிசத்தை நகர்த்திவிடும்.

அழுத்தி முடித்ததும் லென்ஸ் மேல் வைத்த காகிதத்தை எடுத்துவிடுங்கள். மூடியைப் போட்டோ பைக்குள் வைத்தோ மூடினால் கரைப்பான் ஆவி உள்ளேயே தங்கிக் கண்ணாடியில் படியும்.

நடுவில் கொப்புளம்

ஓரமெல்லாம் பிடித்திருக்க, நடுவில் மட்டும் உப்பியிருக்கும். ஊசியால் குத்தி உள்ளே கான்டாக்ட் சிமென்ட்டைச் செலுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது தோற்பதற்குக் காரணம் எளிது: ஒரு பக்கம் உலோகமோ பிளாஸ்டிக்கோ, மறுபக்கம் ரப்பர், கரைப்பான் வெளியேற வழியில்லை. அது ரப்பருக்குள்ளேயே ஊறும், ரப்பர் மேலும் ஊதும், இரண்டு நாளில் கொப்புளம் முன்னைவிடப் பெரிதாகும். கொப்புளத்துக்கு அருகிலுள்ள ஓரத்தைத் திறந்து, உள்ளே டேப்பை அனுப்புவதுதான் சரி.

அதுவும் ரப்பர் ஊதாதபோதுதான். ஊதியிருந்தால் உறையைக் கழற்ற முடிந்த அளவு கழற்றி, சோப்பு நீரில் கழுவி, நிழலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஊறியது ஆவியாகும் பொருளாக இருந்தால் கொஞ்சம் சுருங்கும். எண்ணெயாக இருந்தால் பெரும்பாலும் சுருங்காது. மிஞ்சும் நீளத்தை உறையின் இணைப்புக் கோட்டில், அதாவது இரு குழல்களையும் இணைக்கும் நடுக் கீலை ஒட்டிய மறைவான ஓரத்தில், புதிய பிளேடால் வெட்டுங்கள். ஒரே வெட்டில் 2 மி.மீ. எடுக்காமல் அரை அரை மி.மீட்டராக, ஒவ்வொரு முறையும் போர்த்திப் பார்த்து வெட்டுங்கள். கத்தியைச் சற்றுச் சாய்த்து உள்பக்கம் அதிகமாகப் போகும்படி வெட்டினால் வெளி விளிம்புகள் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தொடும். முன்பக்க ஓரத்தில் மட்டும் வெட்டாதீர்கள். லென்ஸைக் காக்கும் உதடு அதுதான்.

ஃபோகஸ் வளையமும் கண் ரப்பரும்

வழுக்கும் ஃபோகஸ் வளையத்தைக் கழற்றி, சக்கரத்தின் பல் இடுக்கிலிருக்கும் அழுக்கைப் பழைய பல்துலக்கியால் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். பல சமயம் இதிலேயே வழுக்கல் நின்றுவிடும். நிற்காவிட்டால் வளையத்தைவிட 1 மி.மீ. குறுகலான டேப்பைச் சக்கரத்தில் ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் ஆல்கஹால் தடவி, ஈரம் இருக்கும்போதே வளையத்தைத் தள்ளி நேராக்கிவிடுங்கள். ஈரம் போனதும் டேப் பிடித்துக்கொள்ளும்.

வளையம் நீண்டே போயிருந்தால் வெட்டிச் சிறிதாக்கலாம். சக்கரத்தின் விட்டம் 25 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 78.5 மி.மீ.; வளையத்தின் உள்நீளம் 76 மி.மீ. இருந்தால் இறுக்கமாக உட்காரும். வெட்டைக் குறுக்கே நேராகப் போடாமல் சாய்வாகப் போடுங்கள், ஒட்டும் பரப்பு கூடும். அந்த இணைப்புக்குத்தான் சூப்பர் க்ளூ ஜெல், கடுகளவு. அதுவும் பைனாகுலரிலிருந்து தள்ளி, வேறு மேசையில். முழுக்க ஆறி ஒரு நாள் கழித்து மாட்டுங்கள். சிமென்ட்டைச் சக்கரத்தில் போட வேண்டாம். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் ஒரு துளி இறங்கினால் ஃபோகஸே இறுகிவிடும்.

கண் ரப்பர் மடிக்கும் வகையாக இருந்தால், ஓரத்திலுள்ள உள்வரம்பு பள்ளத்தில் உட்காரவேண்டும். விறைத்துப்போய் உட்காராவிட்டால் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்து உடனே மாட்டுங்கள். தளர்வாக இருந்தால் மட்டும் பசை, அதுவும் சுற்றிலும் இல்லை. 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் 2 மி.மீ. பல மாடல்களில் கண்லென்ஸைக் கழற்றும் நுண்திருகு இதன் கீழே இருக்கும். மடிப்புக் கோட்டில் விரிசல் விட்ட ரப்பரை ஒட்டிப் பயனில்லை. ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அதே கோடுதான் வேலை செய்கிறது. புதியதை வாங்கிவிடுங்கள். கண் ரப்பரை மடித்தே வைத்திருந்ததால் வந்த விரிசல் அது.

திருகி உயர்த்தும் வகையில் ரப்பர் வெறும் மேல் சட்டை. உள்ளே பிளாஸ்டிக் குழல், அதில் சுருள் பள்ளம். பசை அந்தப் பள்ளத்தில் இறங்கினால் கதை முடிந்தது. ரப்பரை முழுவதும் கழற்றி, குழலை உயர்த்தி நிறுத்தி, குழலின் மேல் பாதியில் மட்டும் பசை பூசுங்கள். காயும்வரை பைனாகுலரைக் கண் பக்கம் கீழே இருக்கும்படி, லென்ஸ் எதிலும் முட்டாமல் நிறுத்தினால், கசிந்தாலும் பள்ளத்தை நோக்கிப் போகாது. முகத்தில் படும் பாகம் என்பதால் வாசம் முழுவதும் போகும்வரை, குறைந்தது மூன்று நாள், கண்ணில் வைக்க வேண்டாம்.

பசை லென்ஸில் தெறித்தால் ஈரத்தோடு இழுத்துத் துடைக்காதீர்கள், பரவும். சிமென்ட் துளி என்றால் காயவிட்டு, ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாளை ஒரு நிமிடம் அதன் மேல் வைத்து, இளகியதும் மேல்நோக்கி எடுங்கள்.

கீலின் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடியையும் சிலர் இதே கையோடு ஒட்டிவிடுகிறார்கள். அதன் பின்னால் இருப்பது முக்காலியில் மாட்டும் கால் அங்குலத் துளை. மூடி திருகும் வகையாக இருந்து தானாகக் கழன்றுகொண்டே இருந்தால், குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை அதன் மரையில் ஒரு சுற்றுச் சுற்றித் திருகுங்கள், பசை தேவையில்லை.